ஏழாவது வரிசை, இடது நாலு

"அந்த மொழியில கையெழுத்தும் படிப்பியா, இல்ல அச்சடிச்சது மட்டும்தானா?"

அத்தை இப்படித்தான் ஆரம்பித்தாள். பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் கடையின் பின்னறை அது. இடுப்பளவு உயரமான வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், இந்தப் பக்கம் நான். என் பாவாடையின் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லி மதிய இடைவேளையில் போயிருந்தேன். மேசையின் மேல் நீலத் துணி நாற்பது மடிப்பாகக் கிடந்தது.

"படிப்பேன்," என்றேன்.

"பழைய கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"பாத்தாத்தான் தெரியும் அத்தை."

"ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா உனக்கு வரி போடுவாங்களா?" என்றபடி சுண்ணக்கட்டியால் துணியில் ஒரு கோடு இழுத்தாள். "ஆபீஸ்ல நாள் முழுக்க அந்த மொழியை இந்த மொழியா மாத்திறியாமே. அங்கயும் இப்படித்தானா, வாயை மூடிக்கிட்டு?"

"அங்க எழுதினாப் போதும்."

"சரி. இதுக்கும் வாய் வேணாம், கண்ணு போதும். கல்லறைத் தோட்டத்து ஆபீஸ்ல ஒரு பதிவேடு இருக்கு. தாத்தா பேரு அதுல எங்க இருக்குன்னு நீ படிச்சுச் சொல்லணும்."

தாத்தா என்று அவள் சொன்னது தன் அப்பாவின் அப்பாவை. எனக்குக் கொள்ளுத் தாத்தா.

"அப்பா எழுதற குடும்ப வரலாற்றுக்கா?" என்று கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா ஒரு தடித்த நோட்டு வாங்கி, வம்ச விருட்சம் வரைய ஆரம்பித்திருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் தேதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் அப்பனுக்கு வரலாறு வேணும். எனக்கு இடம் வேணும்."

"என்ன இடம்?"

"படுக்கிற இடம்."

"வீட்டுல இடம் போதலையா?"

அத்தை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வீட்டுல இல்லடி. கடைசியா படுக்கிற இடம். தாத்தா இருக்கிற இடத்தை என் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேக்கப் போறேன். உன் அப்பன்கிட்ட இப்பச் சொல்லாதே. உடனே உக்காந்து அழுவான்." பிறகு மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டு, "பாவாடையை வெச்சுட்டுப் போ. சாயங்காலம் தரேன். நீ மெலிஞ்சுட்டே," என்றாள்.

அன்று நாங்கள் பேசியது அவ்வளவுதான். அவள் சொல்லாமல் விட்டவற்றில் பாதி எனக்கு முன்பே தெரியும்.

எங்கள் ஊரில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். புதியது ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால். அங்கே ஒருவருக்கு இடம் பத்து வருஷத்துக்குத்தான். அதன் பிறகு அதே குழி அடுத்தவருக்குப் போய்விடும். அத்தையின் அப்பா அம்மா இருவரும் அங்கேதான் இருந்தார்கள். பத்து வருஷம் முடிந்து அடுத்த வருஷம் போனபோது, அம்மா இருந்த இடத்தில் பளபளப்பான கறுப்புக் கல்லின் மேல் யாரோ ஒரு மீசைக்காரரின் படம் இருந்தது. அத்தை கொண்டுபோன பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். பிறகு, "வாங்கினது வாங்கியாச்சு," என்று அவருக்கே வைத்துவிட்டு வந்தாளாம். இதை அப்பா அழுதுகொண்டு சொல்வார், அத்தை சிரித்துக்கொண்டு சொல்வாள்.

பழைய தோட்டம் ஊர் நடுவில், பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. நிரம்பிவிட்டதால் அங்கே புதிதாக யாருக்கும் இடம் கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு. முன்னோர் ஒருவரின் கல்லறை அங்கே இருப்பதை நிரூபித்து, குடும்ப உரிமை வாங்கிக்கொண்டால், அந்த வம்சத்தில் ஒருவரை அதே இடத்தில் வைக்கலாம். அந்த இடத்தைப் பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

அத்தைக்கு அப்போது வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஊருல எல்லாருக்கும் அளவெடுத்தேன். எனக்கு அளவா ஒருத்தன் வரல," என்பாள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போதும் கழற்ற மறந்துவிடுவாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் டேப் அத்தை. பிறந்தநாளுக்குப் பரிசு கொடுப்பதற்கு முன்னால் எங்களைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளப்பாள். "போன வருஷத்தைவிட ஒண்ணரை அங்குலம். நல்லாத் தின்னு," என்று சொல்லிவிட்டுத்தான் பரிசு வரும்.

எதையும் இரண்டு தடவை அளப்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் கால்சட்டைத் துணியை நாற்பது மடிப்பாக அடுக்கி, கால் நீளத்தை ஒரு தடவை மட்டும் அளந்து வெட்டிவிட்டாள். இரண்டு அங்குலம் குறைந்துபோயிற்று. அந்த வருஷம் முழுக்க நாற்பது பையன்கள் கணுக்கால் தெரியப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அத்தை எதிர்ப்பக்கம் மாறிப் போவாளாம். "ஒரு தரம் தப்பா வெட்டினா ஒரு தப்பு இல்ல, நாப்பது தப்பு," என்பாள்.

இனி அந்தக் கல்லறை. அதை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயர்க்கல் வைக்க வசதியில்லாதவர்களின் பகுதி அது. எல்லாம் ஒரே மாதிரி சிமெண்டு மேடைகள். அத்தையின் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதில் அவருடைய அப்பா இறந்தார். வாசலிலிருந்து ஏழாவது வரிசை, இடது பக்கம் நாலாவது என்று அந்த வயதிலேயே அவர் மனப்பாடம் செய்துகொண்டார். பதினெட்டு வயதில் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். அங்கேயே கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு இருபது வருஷம் கழித்துத் திரும்பினார். வந்த அன்றே தோட்டத்துக்குப் போய் எண்ணி, மேடையைக் கண்டுபிடித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்: ஏழாவது வரிசை, இடது நாலு. வழிவழியாக எனக்கும் அது வந்தது. வீட்டில் சாவி காணவில்லை என்றால்கூட, "ஏழாவது வரிசை இடது நாலுல தேடு," என்பது எங்களுக்குள் கேலி.

அத்தையின் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்கும் வேலை அத்தையிடம் வந்தது. அப்போது அவளுக்கு இருபது வயது. ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்தால் ஒரு மேடைக்கு அடித்தது போக மிச்சம் இருக்கும். "வீணாக்குவானேன்," என்று இரண்டு பக்கத்து மேடைகளுக்கும் அடித்துவிடுவாள். நாற்பத்தொரு வருஷம் இப்படி.

அத்தை ஒரு வியாழக்கிழமை கடைக்கு விடுப்பு சொன்னாள். நானும் அலுவலகத்தில் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்து அலுவலகம் என்பது வாசலுக்கு உள்ளே ஓட்டுக்கூரை போட்ட ஒரே அறை. இரும்பு அலமாரி இரண்டு, மேசை ஒன்று, மேசைக்குப் பின்னால் குமாஸ்தா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசை முழுக்கத் தேடுகிறவர் அவர். அத்தை போன வாரமே கொடுத்துவிட்டு வந்திருந்த மனுவை எடுத்துப் படித்துவிட்டு, பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார்.

"அந்தக் காலத்துப் பதிவெல்லாம் அந்தப் பழைய சர்க்கார் மொழியிலதாம்மா. அச்செழுத்துன்னா சமாளிப்பேன். இது எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு. பாப்பா படிக்கட்டும்."

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஏழாவது வரிசையின் பக்கத்தைத் திருப்பி மேலிருந்து வந்தேன். நாலாவது வரியில் அவர் இருந்தார். பெயர் சரியாக இருந்தது. அவருடைய தகப்பனார் பெயரும் சரி.

"வயது முப்பத்தொன்பது," என்று படித்தேன். "வேலை, சோப்பு ஆலையில மூட்டை தூக்குறவர்."

"மேஸ்திரின்னு இல்ல?" என்றாள் அத்தை.

"இல்ல."

"நல்லாப் பாரு. அம்பது வருஷமா மேஸ்திரின்னுதான் சொல்லிட்டிருக்கோம்."

"மூட்டை தூக்குறவர்னுதான் இருக்கு அத்தை."

"இதை உன் அப்பன்கிட்ட நீயே சொல்லிடு. நான் ஊருல இல்ல."

குமாஸ்தா சிரித்தார். "மேஸ்திரியோ மூட்டையோ, ஆளு இருக்காரும்மா. ஏழாவது வரிசை, இடது, நாலு. நீங்க மனுல எழுதினது அப்படியே ஒத்துப்போகுது. எனக்குத் தெரிஞ்சு இப்படி எண்ணிக்கிட்டு வந்த குடும்பம் நீங்கதான்." முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் இரண்டு தரம் தட்டினார்.

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கண் பதிவேட்டின் மேல் ஓரத்துக்குப் போயிற்று.

"ஒரு நிமிஷம் சார். பக்கத்துத் தலைப்புல என்ன எழுதியிருக்கு?"

"வரிசை ஏழு, இடது பக்கம். மொத்தம் பதினெட்டு," என்று படித்தேன்.

"பதினெட்டா?"

"ஆமா. பேரும் பதினெட்டு இருக்கு." வரிகளை விரலால் எண்ணிக் காட்டினேன்.

அத்தை மனசுக்குள் அளந்துகொண்டிருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். கடையில் கத்தரியை எடுக்கும் முன் அதே முகம்தான்.

"சார், ஏழாவது வரிசையில இடது பக்கம் பதினொண்ணுதான் இருக்கு. பதினொண்ணு முடிஞ்சதும் குழாய், அப்புறம் சுவர். ஒரு வருஷம் சுண்ணாம்பு நிறைய மிஞ்சிடுச்சுன்னு அந்தப் பக்கம் முழுக்க நானே அடிச்சேன். பதினொண்ணுதான்."

குமாஸ்தாவின் கையில் முத்திரை அந்தரத்தில் நின்றது. "ஏம்மா, பேரு சரியா இருக்கு. வரிசை சரியா இருக்கு. நாலும் சரியா இருக்கு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"மாடா இருந்தா பாக்க மாட்டேன் சார். இது தாத்தா."

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மீதி ஏழு பெயர்கள் வேறு எங்கோ சேர்க்கப்பட்டவை என்றோ, எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார் என்றோ. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். முத்திரை விழுந்திருக்கும். ஆனால் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. என் வாயிலிருந்து அப்படி ஒன்று வரக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

குமாஸ்தா பெருமூச்சு விட்டு, அலமாரியின் மேலிருந்து சுருட்டி வைத்த வரைபடம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அது விரிந்து நிற்க மறுத்தது. ஒரு மூலைக்கு மைப்பெட்டி, ஒரு மூலைக்கு அவருடைய சாப்பாட்டு டப்பா, மற்ற இரண்டுக்கும் அத்தையின் இரண்டு கைகள்.

தோட்டத்தின் முன்பக்கம் அகலமாகவும் பின்னால் போகப் போகக் குறுகலாகவும் இருந்தது. "கால்சட்டைக் கால் மாதிரி," என்றாள் அத்தை. எட்டாவது வரிசைக்கும் ஒன்பதாவது வரிசைக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ எழுதியிருந்தது. அதையும் நானே படித்தேன்: சாலையை அகலப்படுத்த எடுத்துக்கொள்ளப்பட்டது. கீழே ஒரு தேதி. அத்தையின் அப்பா துறைமுகத்தில் இருந்த இருபது வருஷத்தின் நடுவே வரும் தேதி.

அத்தை கோட்டின் மேல் விரலை வைத்தாள். "முன்பக்கம் எட்டு வரிசையை வெட்டிட்டாங்க. சுவரும் வாசலும் உள்ள தள்ளி வந்திருக்கு. வெட்டின ஓரத்துல இருந்து நாங்க எண்ணியிருக்கோம்." கொஞ்சம் பொறுத்து, "அப்பா அழுத அழுகைக்கு அளவே இல்ல. எண்ணினது மட்டும் ஒரே தரம்," என்றாள்.

"அந்த எட்டு வரிசையில இருந்தவங்க எல்லாம்?" என்று நான் கேட்டேன்.

"நோட்டீஸ் கொடுத்தாங்க பாப்பா. வந்தவங்க எடுத்துட்டுப் போனாங்க."

"வராதவங்க?"

குமாஸ்தா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்தார். "மேல ரோடு போட்டாங்க."

வெளியே சாலையில் ஒரு லாரி போயிற்று. மேசையின் மேல் இருந்த டப்பா மூடி லேசாக அதிர்ந்தது.

"அப்ப இப்போ ஏழாவதுன்னு நாங்க நினைக்கிறது பழைய பதினஞ்சு," என்றாள் அத்தை. "அந்தப் பக்கத்தை எடு. நாலாவது யாரு?"

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"நாப்பத்தோரு வருஷமா யாருக்குச் சுண்ணாம்பு அடிச்சேன்னு தெரிய வேணாமா?"

பதினைந்தாவது வரிசை, இடது பக்கம், மொத்தம் பதினொன்று. நாலாவது ஒரு பெண். வயது முப்பத்து நான்கு. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. உறவினர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. அடக்கம் செய்தவர் என்ற இடத்தில் ஆஸ்பத்திரியின் பெயர்.

அத்தை அந்தப் பெயரை என்னிடம் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

குமாஸ்தா இன்னொரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். உரிமை கோராத கல்லறைகளின் பட்டியல் அது. இந்த வருஷக் கடைசியில் அவற்றைக் காலி செய்யப்போகிறார்கள். பதினைந்தாவது வரிசை இடது பக்கத்தில் எல்லா எண்களும் இருந்தன. மூன்று, நான்கு, ஐந்து மட்டும் இல்லை. அந்த மூன்றையும் ஓரத்தில் தனியாக எழுதி, "பராமரிக்கப்படுகிறது" என்று பென்சிலில் குறித்திருந்தார்கள். வெள்ளையாக இருந்ததால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"பாத்தீங்களா," என்றார் அவர். "பேசாம இருந்திருந்தா உங்களுக்கும் இடம் ஆச்சு, இந்த மூணையும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இப்ப உறவு இல்லைன்னு தெரிஞ்ச பிறகு நான் பட்டியல்ல சேர்க்கணும்."

அத்தைக்கு அதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். தன் இடம் போனதற்குக்கூட அவள் முகம் அப்படி மாறவில்லை. "வழியே இல்லையா சார்?"

"பராமரிப்பாளர்னு ஒரு படிவம் இருக்கு. கையெழுத்துப் போட்டா அஞ்சு வருஷத்துக்குத் தொட மாட்டாங்க. அப்புறம் புதுப்பிக்கணும். ஆனா சும்மா பாத்துக்கிறதுக்கு மட்டும்தான். உங்களை அங்க வைக்க முடியாது. சொல்லிட்டேன்."

"மூணு படிவம் கொடுங்க."

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா மேலே இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன போடட்டும்?"

"தெரிஞ்சவங்கன்னு போடுங்க."

"பேரே இப்பத்தானேம்மா உங்களுக்குத் தெரிஞ்சது."

"ஆளைத் தெரியாது. இடம் தெரியும்ல."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். அவர் எழுதினார். முத்திரை மூன்று முறை விழுந்தது, வேறு காகிதங்களின் மேல்.

வெளியே வந்ததும் அத்தை பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. வாசலின் நடுவில் நின்று கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினாள். வரைபடத்தில் ஒரு வரிசைக்கு ஏழு அடி, ஒரு மேடைக்கு நாலு அடி என்று இருந்ததைப் பார்த்துவைத்திருந்தாள். அந்த டேப்பின் நீளமோ ஐந்து அடிதான். நான் ஒரு நுனியைப் பிடிக்க, அவள் மறுநுனியைப் பிடிக்க, நடைபாதையில் ஐந்தைந்து அடியாக நகர்ந்தோம். சுவரிலிருந்து எட்டாவது வரிசைக்கு ஏழு அடி, அதைத் தாண்டி ஏழாவது வரிசை. பிறகு இடது பக்கம் நான்கு மேடை. போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அளந்து முடித்த இடத்தில் குடை விரித்து, சாவி செய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தகரப் பெட்டி, அதில் சாவிகள் சரம் சரமாக.

"அண்ணே, பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?"

"முனிசிபாலிட்டியா?" என்று அவர் பாதி எழுந்துவிட்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"இல்லண்ணே. எங்க தாத்தாவைத் தேடறேன்."

"என் பெட்டிக்கு அடியிலயா?"

"ஆமா."

அவர் அத்தையை ஒரு தரம் பார்த்தார், டேப்பை ஒரு தரம் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூவரில் நான்தான் தெளிவானவள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சுவரைக் காட்டி இரண்டு வரியில் விளக்கினேன். அவர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்.

"அட, செருப்பெல்லாம் போட்டுக்குங்க. ஊரே அவர் மேல நடக்குது," என்றாள் அத்தை. குனிந்து நடைபாதையின் சிமெண்டுப் பலகையை உள்ளங்கையால் தொட்டாள். வெயிலில் அது கொதித்திருக்கும். கையை உடனே எடுக்கவில்லை. "எத்தனை வருஷமா இங்க உக்காந்திருக்கீங்க?"

"பதினாலு வருஷம்க்கா."

"வியாபாரம் எப்படி?"

"பரவால்ல. நல்லாத்தான் போகுது."

"போகும்," என்றாள் அத்தை. "அவர் மூட்டை தூக்கினவர். பாரம் தாங்குவார்."

அப்பாவிடம் சொல்லும் வேலை கடைசியில் எனக்குத்தான் வந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள், ஊரில் இல்லாதவள் போல.

"ரிஜிஸ்டர்ல தப்பா இருக்கும்," என்றார் அப்பா.

"வரைபடமும் இருக்குப்பா."

"வரைபடம் போட்டவன் குடிச்சிருப்பான். அக்கா, நீ ஏன் போய் எண்ணினே? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டே. நம்ம அப்பா அங்க எப்படி அழுதார்னு உனக்குத் தெரியாதா? நான் எத்தனை தரம் அழுதிருக்கேன்! யாரோ ஒரு பொம்பளைக்கா அழுதேன்?"

"அவளுக்காக அழ வேற யாரும் இல்லடா," என்றாள் அத்தை. "வீணாப் போகல."

"உனக்கு இடம் போச்சே, அதைச் சொல்லு. மனுவை என்கிட்ட மறைச்சிட்டா எனக்குத் தெரியாதா? குமாஸ்தா என்கூடப் படிச்சவன். போன வாரமே சொல்லிட்டான்." அப்பாவுக்குக் குரல் உடைந்தது. "ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு நீ பேசாம இருந்திருந்தா உன்னை அங்க வெச்சிருப்பேன்."

"டேய், நான் இன்னும் சாகலடா. டீ ஆறுது, குடி."

அப்பா அன்று நோட்டைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் திறந்து, மேஸ்திரி என்பதை அடித்துவிட்டு மூட்டை தூக்குபவர் என்று எழுதினார். இடம் என்ற கட்டத்தில், ஏழாவது வரிசை, இடது நாலு என்பதற்குப் பக்கத்தில் "பழைய வாசலிலிருந்து" என்று சேர்த்தார். அந்தப் பெண்ணின் பெயரை எங்கே எழுதுவது என்று அத்தையிடம் கேட்டார். மரத்தின் எந்தக் கிளையிலும் அவள் வரமாட்டாள் அல்லவா? "மரத்துல இடம் இல்லைன்னா நிழல்ல எழுது," என்றாள் அத்தை. அப்பா பக்கத்தின் அடியில், தாள் ஓரத்தில் அந்தப் பெயரையும் மற்ற இருவரின் பெயர்களையும் எழுதியிருக்கிறார்.

அத்தை இப்போதும் கடைக்குப் போகிறாள். நாற்பது மடிப்பை வெட்ட மணிக்கட்டு ஒத்துழைக்காததால் இருபது மடிப்பாகக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். அளப்பது மட்டும் பழையபடி இரண்டு தடவை. பழைய தோட்டத்துக்குப் போகும் வழியில் சாவிக்காரரைப் பார்த்து, "தாத்தா சௌக்கியமா?" என்று கேட்பாள். "நீங்க கேட்டதாச் சொல்றேன்க்கா," என்பார் அவர்.

போன வருஷம் சுண்ணாம்பு அடிக்க நானும் கூடப் போனேன். அந்த வரிசையின் மற்ற மேடைகளும் இரண்டு பக்கத்து வரிசைகளும் காலியாகி மண் புதிதாகக் கிடந்தது. மூன்று மேடைகள் மட்டும் வெள்ளையாக நின்றன. அத்தை நடுவில் இருப்பதற்கு முதலில் அடித்தாள், பிறகு இரண்டு பக்கத்துக்கும். வேலை முடிந்ததும் குழாயடியில் உட்கார்ந்து தூரிகையைக் கழுவினாள். வாளியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடிக்க வேறு மேடை இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னை அந்தக் கடைசி பஸ் ஸ்டாப்லதான் வைப்பீங்க. பத்து வருஷம் போதும், அதுக்கு மேல எனக்கு என்ன வேலை. உன் அப்பன் அழுதுக்கிட்டே இருப்பான், அவனுக்கு எண்ண வராது. நீதான் எழுதிக்கணும். வாசல்ல இருந்து மட்டும் எண்ணிடாதே. நாலு பக்கமும் யார் யார் இருக்காங்கன்னு பாத்து, பேரு கேட்டு எழுதிக்கோ. வாயைத் திறந்து கேக்கணும், தெரியுதா? அவங்க வீட்டு ஆளுங்க யாராவது சுண்ணாம்பு கொண்டு வந்தா, மிச்சம் இருந்தா இந்தப் பக்கமும் ஒரு பூச்சு பூசச் சொல்லு."